மழையில் சைக்கிளில் வேலைக்கு: எந்த உடை, எதற்காக?

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் மழைக்காலம் நெருங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. நடப்பவருக்கோ மோட்டார் பைக்கில் போகிறவருக்கோ தைத்த மழை உடை சைக்கிளுக்கு முழுதாகச் சரிவராது. பெடல் மிதிக்கிறவருக்கு உடம்பு சூடேறும். தொடை படுக்கைவசமாக இருப்பதால் தண்ணீர் அதன்மேல் தேங்கும். கைகள் முன்னால் நீண்டிருக்கும். போதாததற்கு, சாலையிலிருந்தும் தண்ணீர் அடிக்கும்.

கொஞ்சம்கூட நனையாமல் போய்ச் சேர முடியுமா?

பத்து நிமிடப் பயணம் என்றால் முடியும். முக்கால் மணி நேரம், அடைமழை என்றால் எந்த உடை போட்டாலும் ஏதோ ஒரு இடத்தில் ஈரம் இருக்கத்தான் செய்யும். தண்ணீர் மூன்று வழியில் வருகிறது: மேலே மழை, கீழே சக்கரம், உள்ளே வியர்வை. கடையில் விற்கிற உடை முதலாவதை மட்டும்தான் தடுக்கிறது.

மூன்றாவதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பெடலில் 100 வாட் சக்தியைக் கொடுக்க உடம்பு அதைப்போல மூன்று நான்கு மடங்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். ‘கோட்டு ஒழுகுகிறது’ என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை வியர்வையைப் பற்றியவைதான். எனவே, உள்ளே லேசான ஈரம் இருந்தாலும் குளிராமல் போய்ச் சேர்வது, மாற்றுடை பைக்குள் காய்ந்தே இருப்பது, இந்த இரண்டையும் குறியாக வைத்துக்கொண்டு உடையைத் தேடுங்கள்.

உடைக்கு முன்னால் வாங்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, மட்கார்டு. முன்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேராகப் பாதத்திலும் கணுக்காலிலும் விழுகிறது, பின்சக்கரத்துத் தண்ணீர் முதுகில் கோடு போடுகிறது. மழை நின்ற பிறகும் சாலை காயும்வரை இது தொடரும். அதுவும் சுத்தமான தண்ணீர் இல்லை. மண், எண்ணெய், பிரேக் தூள் எல்லாம் கலந்த சேறு, துணியில் பட்டால் எளிதில் போகாது.

சீட் தண்டில் மாட்டுகிற குட்டை மட்கார்டு முதுகை மட்டும் காப்பாற்றும், ஷூவைக் காப்பாற்றாது. சக்கரத்தைச் சுற்றி வருகிற முழு நீள மட்கார்டுதான் வேண்டும். முன் மட்கார்டின் கீழ்முனையில் ரப்பர் மடல் ஒன்று தொங்கி, தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கும் கீழே வர வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு செ.மீ. அளவுக்காவது இடைவெளி விடுங்கள். அதற்கும் குறைந்தால் சேறு அடைத்துக்கொண்டு உரசும்.

லேபிளில் 5,000, 10,000, 20,000 என்று போட்டிருக்கிறார்களே?

அவை துணி எவ்வளவு தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான மி.மீ. கணக்கு. ஐஎஸ்ஓ 811 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் துணியை இறுகப் பிடித்து, ஒரு பக்கம் தண்ணீர் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மறுபக்கம் மூன்று இடங்களில் துளி தெரியும்போது எவ்வளவு உயர நீர்த்தூணின் அழுத்தம் இருந்ததோ, அதுதான் அந்த எண். 10,000 மி.மீ. என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்.

விழுகிற மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஆனால் சீட்டில் உட்காருகிற இடத்திலும் முதுகுப் பை வார் தோளை அழுத்துகிற இடத்திலும் அழுத்தம் எகிறிவிடும். 5,000 தூறலுக்கும் குறுகிய பயணத்துக்கும் போதும். தினசரிப் பயன்பாட்டுக்கு 10,000 நல்ல அளவு. மலையேற்றத்துக்கும் போவீர்கள் என்றால் தவிர, 20,000-க்கு அலைய வேண்டியதில்லை. இந்த எண் புதுத் துணிக்கு உரியது, தையலுக்கும் ஜிப்புக்கும் பொருந்தாது. தையலில் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையல் மேலும் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோள், கழுத்து மட்டும் ஒட்டிவிட்டு மற்றதை விட்டிருந்தால், அது அடைமழைக்கு ஆகாது.

‘மூச்சுவிடும் துணி’ என்பது உண்மையா, விற்கிறவர் பேச்சா?

உண்மை, ஆனால் சொல்லுகிற அளவுக்கு இல்லை. துணியோடு ஒட்டியிருக்கும் கோர்-டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வுகளில் உள்ள நுண்துளைகள் நீர்த்துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. அதனால் துளி உள்ளே வராது, ஆவி வெளியே போகும். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சவ்வுகளில் பலவற்றில் துளையே இருக்காது. ஈரத்தை உள்ளே உறிஞ்சி வெளியே கடத்திவிடும்.

லேபிளில் ‘10,000 கிராம்’ என்று இருந்தால், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் அவ்வளவு ஆவியைக் கடத்தும் என்று அர்த்தம். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 400 கிராம் சொச்சம். கோட்டின் பரப்பு ஒன்று ஒன்றரை சதுர மீட்டர் இருக்கும் என்பதால், காகிதத்தில் வியர்வை முழுதும் வெளியேறிவிட வேண்டும். ஏன் வெளியேறுவதில்லை? ஆவி தானாகப் போகாது, உள்ளே ஈரம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்த வித்தியாசம் அதைத் தள்ளும். சோதனைக்கூடத்தில் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். வெதுவெதுப்பான மழை நாளில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவியைத் தள்ள எதுவும் இல்லை. குளிர் மழையில் சவ்வு நன்றாக வேலை செய்யும், வெப்ப மழையில் திணறும்.

இந்தக் கிராம் கணக்குக்குப் பல சோதனை முறைகள் இருப்பதால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஐஎஸ்ஓ 11092 முறையில் அளந்த ‘ஆர்இடி’ மதிப்பு கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். அது ஆவி வெளியேறுவதற்குத் துணி காட்டும் தடையின் அளவு, எனவே எண் குறையக் குறைய நல்லது. 6-க்குக் கீழே மிக நன்று, 20-க்கு மேலே போனால் மிதிக்கும்போது புழுங்கும்.

எந்த ஊர் வெப்பத்திலும் கைகொடுப்பது காற்றோட்டம்தான். அக்குளில் ஜிப், முதுகில் மடிப்புக்குள் மறைந்த திறப்பு, கீழிருந்தும் திறக்கிற இருவழி ஜிப். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கிற கோட்டு, விலை உயர்ந்த சவ்வு போட்டு எல்லாப் பக்கமும் மூடிய கோட்டைவிட மேல்.

பிளாஸ்டிக் ரெயின்கோட் போதாதா?

கால் மணி நேரப் பயணத்துக்குப் போதும். பிவிசி உடையில் தையலுக்குப் பதில் உருக்கி ஒட்டியிருப்பார்கள், பொத்தலாகாதவரை சொட்டு இறங்காது. ஆவியும் துளிகூட வெளியேறாது. மடித்து மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும், வெயிலில் விறைக்கும்.

அடுத்தது நைலான் அல்லது பாலியஸ்டரில் பாலியூரித்தேன் பூசியது. எடை குறைவு, சுருட்டினால் கைக்கு அடங்கும், ஓரளவு ஆவி போகும். பெரும்பாலோருக்கு இதுவே ஏற்றது. அதற்கும் மேலே சவ்வு உடைகள். ‘இரண்டரை அடுக்கு’ என்றால் உள்பக்கம் மெல்லிய அச்சுப் பூச்சு மட்டும் இருக்கும், வெறும் கையில் பட்டால் பிசுபிசுக்கும். ‘மூன்று அடுக்கு’ என்றால் உள்ளே தனித் துணியே ஒட்டியிருக்கும். கனம் கொஞ்சம் கூடும், ஆனால் தினமும் போட்டுக் கழற்றினாலும் நாள் தாங்கும்.

மழை அங்கி எப்படி?

தலைவழியே போட்டு ஹேண்டில்பார் வரை விரிகிற சைக்கிள் அங்கியை நாங்கள் வெப்ப மழைக்கு மனதாரப் பரிந்துரைப்போம். கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் காற்று தாராளமாக வந்துபோகும், தொடைக்கும் கூரை கிடைக்கும், போடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஆனால் சைக்கிளுக்கென்று தைத்ததாக இருக்க வேண்டும். அதில் முன்பக்கம் கட்டைவிரல் அல்லது ஹேண்டில்பாரில் மாட்டும் வளையமும், உள்ளே இடுப்பில் கட்டும் நாடாவும் இருக்கும். நடக்கிறவர்களுக்கான அங்கியில் இவை இருக்காது. பின்பக்கம் பறந்து சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஆளைக் கீழே தள்ளிவிடும். மட்கார்டு இல்லாத சைக்கிளில் அங்கி போட்டுப் பயனில்லை, கீழிருந்து அடிக்கிற தண்ணீர் உள்ளே நேராக ஏறும். பக்கவாட்டுக் காற்று பலமாக வீசுகிற பாலம், திறந்தவெளிச் சாலை உங்கள் வழியில் இருந்தால் அங்கி வேண்டாம், பாய்மரம் மாதிரி இழுக்கும். திரும்பக் கை காட்டும்போது கையை அங்கிக்கு வெளியே நீட்டுங்கள், உள்ளிருந்து காட்டினால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்த்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே வழக்கமாகப் போடும் சட்டையோடு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். கைநுனி மணிக்கட்டு எலும்பைத் தாண்டி நிற்க வேண்டும். பின்பக்கம் இடுப்பு தெரியக் கூடாது, அதற்காகத்தான் சைக்கிள் கோட்டுகளில் பின்னால் கூடுதலாக ஒரு கை அகலம் இறக்கித் தைக்கிறார்கள். முன்பக்கம் மடியில் பை மாதிரி உப்பினால், தண்ணீர் அங்கே தேங்கி, எழுந்ததும் கால்சட்டையில் கொட்டும். கடைசியாகத் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பாருங்கள். கழுத்துப் பட்டி தாடையில் இடித்தால் அந்த அளவு வேண்டாம்.

ஜிப்பையும் பாருங்கள். பூச்சுப் போட்ட ‘நீர்புகா ஜிப்’ பல நாள் வளைந்து வளைந்து பூச்சு உதிர்ந்த பிறகு கசியும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணி மடல் ஓடினால் அந்தக் கவலை இல்லை.

மழை பேன்ட் அவசியமா?

மேலுடம்பைவிடத் தொடைதான் மழையை நேராக வாங்குகிறது. அரை மணிக்கு மேல் மிதிப்பவர்களுக்கு, அங்கி போடாவிட்டால், பேன்ட் வேண்டும். முழங்கால் முன்பே வளைத்துத் தைத்ததாக இருந்தால் மிதிக்கும்போது இழுக்காது. ஷூவைக் கழற்றாமலே மாட்டும்படி கணுக்காலில் ஒரு சாண் நீள ஜிப் இருக்கட்டும். செயின் பக்கத்துக் காலை வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

பேன்ட் முதலில் ஒழுகுவது உட்காருமிடத்தில்தான். நான்கு தையல் வந்து சேருகிற இடமும் அதுவே, சீட்டில் ஓயாமல் தேய்கிற இடமும் அதுவே. அங்கே தையல் சந்திக்காமல் ஒரே துண்டாகத் துணி வைத்துத் தைத்திருந்தால் இரண்டு மடங்கு நாள் வந்தாலும் வியப்பில்லை.

ஷூ?

ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிய வேண்டும். பேன்ட்டின் கால்பகுதி ஷூ உறையின் மேல் விழ வேண்டும். உறைக்குள் பேன்ட்டைச் செருகினால், காலில் வழிகிற தண்ணீர் முழுதும் ஷூவுக்குள் போகும். நீர்புகா ஷூ வாங்கியவர்கள் ‘உள்ளே குளமாகிவிட்டது’ என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். மேலே நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லை.

உறை வாங்கினால் அடிப்பாகம் கனமான ரப்பராக இருக்கட்டும். சிக்னலில் கால் ஊன்றி ஊன்றி மெல்லிய அடிப்பாகம் ஒரு பருவத்தில் கிழிந்துவிடும். குளிர் இல்லாத ஊரில் வேறு வழியே நல்லது: பின்வார் உள்ள செருப்பில் மிதித்துப் போய், அலுவலகத்தில் காலைத் துடைத்துக் காய்ந்த ஷூவைப் போட்டுக்கொள்வது.

கையுறை, தலை, கண்ணாடி?

கையுறைக்கும் ஓடு வேய்கிற கணக்குதான். ஹேண்டில்பாரில் கை முழங்கையைவிடத் தாழ்ந்திருக்கும், எனவே கோட்டின் கைநுனி கையுறையின் மேலே வர வேண்டும்.

தலைமூடியைப் பொறுத்தவரை, ஹெல்மெட்டுக்கு மேலே போடுகிற பெரிய மூடி காற்றைப் பிடிக்கும், தலையைத் திருப்பினால் கண்ணை மறைக்கும். ஹெல்மெட்டுக்கு உள்ளே போடும் மெல்லிய மூடி தலையோடு சேர்ந்து திரும்பும், ஆனால் போட்டபின் ஹெல்மெட் வாரின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். மூடியே வேண்டாம் என்றால் ஹெல்மெட்டுக்கு உறை கிடைக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் ஹெல்மெட்டுக்குள் சிறு முன்விளிம்புள்ள துணித் தொப்பி போடலாம். துளி கண்ணாடியில் விழுவது வெகுவாகக் குறையும்.

தண்ணீர் முன்போல உருண்டு ஓடாமல் துணியில் ஊறுகிறது. கோட்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. வெளித்துணியின் மேல் நீர் விலக்கும் பூச்சு ஒன்று தனியாக உண்டு. அழுக்கும் உடம்பு எண்ணெயும் படியப் படிய அது செயலிழக்கும். துணி ஊறிவிட்டால் உள்ளே உள்ள சவ்வு மழையைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஆவி வெளியேற முடியாது, துணியும் சில்லிட்டு உள்பக்கம் வியர்க்கும். போட்டிருப்பவருக்கு அது ஒழுகுவதுபோலவே இருக்கும். ஃபுளோரின் இல்லாத இப்போதைய பூச்சுகள் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. அதனால் பழைய வகையைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது.

எல்லா ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடுங்கள். 30 டிகிரி தண்ணீரில், நீர்புகா துணிக்கான சோப்புத் திரவத்தில் துவையுங்கள். சாதாரண சலவைத் தூளின் எச்சம் தண்ணீரை ஈர்க்கும், துணி மென்மையாக்கியோ பூச்சையே கெடுக்கும். இரண்டு முறை அலசுங்கள். காய்ந்தபின், லேபிள் அனுமதித்தால், உலர்த்தும் இயந்திரத்தில் மிதச் சூட்டில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். இல்லையென்றால் மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு பட்டதும் மடிந்து கிடந்த பூச்சு மறுபடி நிமிரும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டால் வேலை முடிந்தது. இன்னும் ஊறினால்தான் புதிதாகத் தெளிக்கும் திரவம் வாங்க வேண்டும். பிவிசிக்கு இஸ்திரிப் பெட்டியைக் காட்டவே கூடாது, உருகிவிடும்.

ஒழுகுகிறதா, வியர்வையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாம்பல் நிறப் பருத்தி டீ-ஷர்ட் போட்டு, அதன்மேல் கோட்டைப் போட்டு, குளியலறை ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மிதிக்காததால் வியர்வை வராது. கழற்றிப் பார்க்கும்போது டீ-ஷர்ட்டில் கருத்துத் தெரியும் திட்டு எதுவோ அதுதான் ஓட்டை. பொதுவாக ஒழுகல் ஓரிடத்தில் திட்டாக இருக்கும், வியர்வை முன்கையிலும் முதுகிலும் பரவலாக இருக்கும்.

கிழிசலாக இருந்தால் உள்பக்கத்தை ஆல்கஹால் திரவத்தால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டுத் துண்டை ஒட்டுங்கள். துண்டு எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. பெரிதாக இருக்கட்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை இரண்டு துவைப்பில் உரிந்துவிடும். தையல் டேப் விட்டுப் போயிருந்தால் பாலியூரித்தேன் தையல் பசையை மெல்லியதாகத் தடவி ஓர் இரவு காயவிடுங்கள். சிலிக்கோன் பூசிய துணியில் அந்தப் பசை ஒட்டாது, அதற்குச் சிலிக்கோன் பசையே வேண்டும்.

முதுகுப் பை மாட்டலாமா?

முடிந்தவரை வேண்டாம். வார் அழுத்துகிற தோள்பட்டையில்தான் பூச்சு முதலில் தேய்கிறது, முதுகிலும் காற்றுப் போக வழியில்லை. கேரியரில் மாட்டுகிற, வாயைச் சுருட்டி மூடும் பை நல்லது. வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டினால்தான் அது நீர்புகாப் பை. அவசரத்தில் ஒரு சுற்றோடு கிளிப்பை மாட்டினால் மடிக்கணினி நனையும்.

என்ன நிறம் வாங்குவது?

பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் மப்பு மந்தாரமான பகலில் எடுப்பாகத் தெரியும், இருட்டில் அவற்றால் பயனில்லை. இரவில் வாகன விளக்கைத் திருப்பி அடிக்கும் பட்டைதான் கண்ணில் படும். அதையும் கணுக்காலில் கட்டினால், மேலும் கீழும் அசைவதைப் பார்த்ததுமே சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். அங்கியோ நீளக் கோட்டோ போட்டு உட்கார்ந்தபின் இன்னொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள். சீட் தண்டில் இருக்கும் சிவப்பு விளக்கு மறைந்தால் அதைக் கேரியரின் பின்முனைக்கு மாற்றுங்கள்.

உள்ளே என்ன போடுவது?

பருத்தியைத் தவிர எதுவும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். மெல்லிய பாலியஸ்டர் சீக்கிரம் காயும், மெல்லிய கம்பளி ஈரத்திலும் கதகதப்பாக இருக்கும், நாற்றமும் குறைவு. கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்கே போடுங்கள், ஐந்தாவது நிமிடத்தில் சரியாகிவிடும்.

அலுவலகம் போனதும் நனைந்த உடையை என்ன செய்வது? எத்தனை நாள் உழைக்கும்?

உதறிவிட்டு, அகலமான ஹேங்கரில், ஜிப்பைத் திறந்து, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். முதலில் உள்பக்கம் வெளியே இருக்கட்டும், அரை மணி கழித்துத் திருப்பிப் போடுங்கள். கீழே ஒரு பழைய துண்டு. பைக்குள் சுருட்டி மாலைவரை வைத்தால் பூசணம் பிடிக்கும். அதைவிட மோசம், சூடும் ஈரமும் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சை மெல்லச் சிதைக்கும். மழைக்காலம் முடிந்து உடையை எடுத்துவைக்கும்போதும் நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் தொங்கவிடுவதே நல்லது.

உள்பக்கம் விரலில் ஒட்டுகிறது, புளித்த வாடை அடிக்கிறது, அல்லது வெள்ளைத் தூளாகவும் செதிலாகவும் உதிர்கிறது என்றால் பூச்சு சிதைந்துவிட்டது. துவைத்தோ தெளித்தோ அதை மீட்க முடியாது. தூக்கி எறியாமல், இன்னும் திடமாக இருக்கிற முதுகுத் துணியை வெட்டிச் சீட்டுக்கு உறை தைத்துக்கொள்ளலாம். நிறுத்திவைத்த சைக்கிளின் சீட் நனைந்திருந்தால் எந்த மழை பேன்ட்டும் அன்று தோற்றுப்போகும்.